வஹீத் பாய் பிரித்த மூன்று டப்பாக்கள்

அப்துல் வஹீத் பாய் ராயப்பேட்டைக்காரர். ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, டி.வி.க்குத் தாவி, கடைசியில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் கம்ப்யூட்டர் சாமான் கடை போட்டவர். ஆள் தங்கம், வாய்தான் சும்மா இருக்காது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். தொண்ணூற்றெட்டில் எங்கள் இருவருக்கும் இடையே நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

என் வலது கை சின்ன வயதில் போலியோவில் போனது. மணிக்கட்டு கொஞ்சம் அசையும்; விரல்கள் எதையும் பிடிக்காது. தேனாம்பேட்டை ஆபீசில் இடது கையால் எழுதியே இருபது வருஷம் ஓட்டிவிட்டேன். விமானம் ஓட்டும் ஆசை மட்டும் போகவில்லை. பத்தொன்பது வயதில் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்கப் போன இடத்தில் என் கையைப் பார்த்துவிட்டு, “வேற நல்ல வேலையாப் பாருப்பா” என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கை பாண்ட் பாக்கெட்டில்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் புரோகிராம் வந்ததும் பழைய ஆசை தலைதூக்கியது. ஆனால் கீபோர்டைத் தட்டி ஓட்டுவதும் ஒரு ஓட்டலா? நிஜ விமானத்தில் பைலட்டுக்கு முன்னால் பாதி ஸ்டியரிங் மாதிரி ஒன்று இருக்கும். யோக் என்பார்கள். திருப்பினால் விமானம் சாயும்; இழுத்தால் மூக்கைத் தூக்கும். சின்ன விமானத்தில் இடது கை யோக்கில், வலது கை எஞ்சின் வேகத்துக்கான லீவரில். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த இரண்டு வேலையையும் என் கைகள் செய்துவிட்டால், அன்று என்னை அனுப்பியது தப்பு என்று எனக்காவது தெரியுமே!

வீட்டில் வைத்து ஓட்டுகிற மாதிரி, லீவரும் சேர்ந்த மூன்று விதமான யோக் பாய் கடைக்கு வந்திருந்தது. டப்பாவைப் பிரித்தால் வாங்கியே தீர வேண்டும் என்பது அவர் கடைச் சட்டம். இருப்பதிலேயே அழகான மாடலில் மட்டும் கம்பெனி தந்த சாம்பிள் ஒன்றைப் பார்வைக்கு வைத்திருந்தார். அதை இடது கையால் இழுத்துப் பார்த்தேன்.

“இன்னா சார், ஒத்தக் கைல இழுக்கறீங்க? ரெண்டு கைலயும் புடிங்க! பாக்கெட்டுல இன்னா, புதையலா கீது?”

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையை வெளியே எடுத்து நீட்டினேன். “இதான் புதையல். நன்னாப் பாத்துக்கோங்கோ!” என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். இனி அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று என் மனைவி ஸ்ரீலக்ஷ்மியிடம் சபதம் வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில் பாயின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கம்ப்யூட்டர் வாங்கியபோது நான் கொடுத்த விலாசம் அவரிடம் இருந்தது. பரிதாபப்பட்டுப் பேசுவார், சூடாக நாலு வார்த்தை கொடுத்து அனுப்பலாம் என்று காத்திருந்தேன்.

“சார், நீங்க புடிச்சுப் பாத்த மாடல் வேணாம்” என்று கொண்டுவந்த டப்பாவைத் திறந்தபடி ஆரம்பித்தார். “மூணு டப்பாவையும் பிரிச்சுட்டேன். ஒரு வாரமா சோத்தாங்கைய பாக்கெட்டுல வெச்சிக்கினு ஓட்டிப் பாத்தேன். அது பாக்கத்தான் ஷோக்கா கீது. ஒத்தக் கையால இழுத்தா தண்டு கோணிக்கினு சிக்குது. இன்னொண்ணுல லீவர் குட்டை, வெரலால கிள்ளிப் புடிக்கணும். இது பாருங்க, வழுக்கிக்கினு வருது. லீவரும் ஒசரம், மணிக்கட்டால தள்ளினாலே போவும்.”

என் சபதம் போன இடம் தெரியவில்லை. கடையில் வந்து கத்திய ஒருத்தனுக்காகத் தன் சட்டத்தையே உடைத்திருக்கிறார். என்னோடு பிறந்தவர்கள்கூட என் கைக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

மேஜை விளிம்பில் யோக்கை வைத்து முடுக்கி, ஒயரைச் சொருகி, என்னை உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் வானத்தில் சுற்றிவிட்டு ஓடுபாதைக்கு நேராக வந்தேன். இடது கை யோக்கில். வலது மணிக்கட்டை லீவரில் மாட்டிப் பின்னுக்கு இழுத்தேன். எஞ்சின் சத்தம் அடங்கியது. விமானம் தொம்மென்று விழுந்து, இரண்டு தரம் குதித்து, ஒரு வழியாக நின்றது. ஸ்ரீலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா சார் இப்டி எறக்கறீங்க! உள்ள குந்திக்கினு இருந்தவன் இடுப்பு போயிருக்கும். லீவர அவ்ளோ சீக்கிரமாவா இழுப்பாங்க?”

நாற்பத்து மூன்று வயதில், முதல் தடவையாக ஒருவர் என் வலது கை செய்த வேலையில் குறை கண்டுபிடித்தார். சந்தோஷத்தில் நாற்காலியை இன்னும் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“இருங்கோ பாய், போயிடாதேங்கோ. இன்னொரு தரம் எறக்கிக் காட்டறேன்” என்றேன்.