மக்காச்சோள இலையில் எத்தனை ஓட்டை

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. மதியம் ஒரு மணிக்கு லேப் அசிஸ்டன்ட் சாப்பிடப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார். இரண்டு மௌஸ் காணாமல் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. வேலை இருப்பவர்கள் அவர் திரும்பும்வரை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். செந்துறையிலிருந்து அரியலூர் போய், அங்கே பஸ் மாறிப் பெரம்பலூர் வருகிறவள் நான். அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்க எனக்கு மனசு வராது. எங்கள் குழுவில் மூன்று பேரும் டிபன் பாக்ஸோடு உள்ளே உட்கார்ந்துவிடுவோம்.

எம்.ஈ. படித்துக்கொண்டிருந்தோம். பேரலல் கம்ப்யூட்டிங் பாடத்துக்கு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி புராஜெக்ட் முடிக்க வேண்டும். மூவருக்கும் ஒரே மார்க். என்னோடு இருந்தவர்களில் ஒருத்தி குன்னத்தில் பிறந்து பெரம்பலூரில் வாக்கப்பட்டவள். ஏழு மாதக் கர்ப்பிணி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இன்னொருவர் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டே படித்தவர். அவர் எங்களுக்கு அண்ணன்.

மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் இலை சல்லடையாகிவிடும். அந்த ஓட்டைகளைப் போட்டோவிலிருந்து எண்ணுவதுதான் எங்கள் புரோகிராம். ஒரே ஆளாக எண்ணினால் கம்ப்யூட்டருக்கு நேரமாகும். வேலையை எட்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் எண்ண வைத்தால் சீக்கிரம் முடியும். எட்டு ஆள் இறங்கிக் களை எடுப்பது மாதிரி. போட்டோக்களை அக்காவின் அப்பா அனுப்பினார். வெயிலில் நின்று, தோள் துண்டை வரப்பில் விரித்து, ஒவ்வோர் இலையாக அதன்மேல் வைத்து எடுத்திருந்தார். சில படங்களில் அவருடைய கால் விரலும் விழுந்திருக்கும்.

புரோகிராம் ஆறு மடங்கு வேகமாக ஓடியது. கைடு சாருக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற குழுக்களிடமெல்லாம் எங்களைக் காட்டிப் பேசினார். அந்த வேகத்துக்காக நாங்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தோம். விடையைத் திரையில் காட்டுவதற்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அந்த வரியை எடுத்துவிடலாம் என்றார் அண்ணன். எடுத்தது நான்தான். அதன்பிறகு எத்தனை விநாடி என்பதை மட்டும் பார்த்தோம். எத்தனை ஓட்டை என்று மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. இதைவிட முட்டாள்தனம் இருக்க முடியுமா, தெரியவில்லை.

பிரசன்டேஷனுக்கு முந்தைய நாள், ரிப்போர்ட்டில் விடையின் படம் ஒன்று வேண்டும் என்பதற்காக அந்த வரியைத் திரும்பப் போட்டேன். வெளியே பூட்டியிருந்த நேரம் அது. ஓட்டினேன், ஓர் எண் வந்தது. இன்னொரு முறை ஓட்டினேன், வேறோர் எண். மூன்றாவது முறை மூன்றாவது எண். படங்கள் அதே படங்கள்தான். எட்டுப் பகுதிகளும் மொத்தக் கணக்கை எழுதும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கைவைத்து, ஒன்று எழுதியதை இன்னொன்று அழித்துக்கொண்டிருந்தன. முறை வைத்து எழுதச் செய்தேன். விடை நிலையாக நின்றது, ஆனால் ஒற்றை ஆள் எண்ணுவதைவிட மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே எண்ணிக் கடைசியில் கூட்டினால் போதும் என்று இன்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அன்று அது எனக்குத் தோன்றவில்லை.

"சார்கிட்ட சொல்லி ஒரு வாரம் டைம் கேப்போம்ணா" என்றேன்.

அண்ணன் சாப்பாட்டிலிருந்து நிமிரவில்லை. "விடும்மா. எத்தன மடங்கு வேகம்னுதான் கேப்பாங்க. எத்தன ஓட்டைன்னு எவன் கேக்கப்போறான்?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். "அடுத்த வாரம் எனக்கு வளைகாப்பு. அப்பறம் அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். இந்த செமஸ்டரோட சரின்னுதான் மாமியா அனுப்பிச்சுட்டு இருக்காங்க. அரியர் விழுந்துச்சுன்னா என் படிப்பு அவ்வளவுதான்டி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எழுந்துபோய்க் கதவைப் பிடித்து ஆட்டினேன். பூட்டு வெளியே கடகடவென்றது. சொன்னால் அக்காவின் படிப்பைக் கெடுத்தவள் ஆவேன், சொல்லாவிட்டால் நாளைக்குப் பொய்யை வாயால் சொல்லப்போகிறவளும் நான்தான். முடிவுகளைப் பேசும் பகுதி என்னுடையது. அசிஸ்டன்ட் வந்து கதவைத் திறந்தபோது மூவரில் ஒருவரும் எழுந்து வெளியே போகவில்லை.

மறுநாள் "ஆறு மடங்கு" என்று சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், பதினாறாகப் பிரித்தால் என்னாகும் என்று மட்டும் கேட்டார். மூவருக்கும் வகுப்பிலேயே அதிக மார்க்.

வளைகாப்பு விஷயம் பேச ஊரிலிருந்து வந்த அக்காவின் அப்பா, சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கல்லூரிக்கு வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. போட்டோவில் பார்த்த அதே கால் விரல்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"முடிஞ்சுதா ஆயி? கம்ப்யூட்டரு எத்தன ஓட்டைன்னு சொல்லுச்சு? நீங்க சொல்றத வச்சு மருந்தடிக்கலாம்னு ஒரு வாரமா அப்படியே போட்டு வச்சிருக்கேன்."

அண்ணன் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். என் வாயில் மூன்று எண்கள் இருந்தன. அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"எங்க கணக்கு தப்புப்பா. அத நம்பாதீங்க. காலைலயே மருந்தடிச்சிடுங்க" என்றாள் அக்கா.

அவர் மஞ்சள் பையைக் கை மாற்றிக்கொண்டார். "மார்க்கு?"

"போட்டுட்டாங்கப்பா."

"தப்புக்கா போட்டாங்க?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார். அக்காவிடமிருந்து லேப்டாப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தார்.

கைடு சாரின் அறை அங்கிருந்து பார்த்தாலே தெரியும். ஃபேன் ஓடியது, சார் உள்ளேதான் இருந்தார், கதவு அகலத் திறந்திருந்தது. அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நான் கேட்டைப் பார்த்து நடந்தேன்.