இல்லாத காய்ச்சலுக்கு ஒரு மெழுகுவர்த்தி

ஆபத்து வரும் என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தால், என் நாத்தனாரையும் அவர் மகளையும் அந்த அருவிக்கு ஏன் போகவிட்டேன்? நம்பவில்லை என்றால், என் மகளைக் காய்ச்சல் என்று ஏன் பொய் சொல்ல வைத்தேன்? இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு கேள்விக்குச் சமாதானம் சொல்லி முடித்தால் மற்றது வந்து பிடித்துக்கொள்கிறது.

என் கணவர் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று வருடத்தில் இரண்டு மாதம் படகுகள் போகக்கூடாது. அந்தத் தடைக்காலத்தில்தான் அவர் வீட்டில் இருப்பார். படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து, வர்ணம் அடித்து, வலையைச் சரிசெய்து முடித்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. "எங்கயாச்சும் போவோம்" என்பார். வழக்கமாக வேளாங்கண்ணிக்குப் போய்வருவோம். போன வருடம் எங்கள் ஏழு வயது மகள் அருவி பார்க்க வேண்டும் என்றாள். பாடப்புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, அம்புட்டு உசரத்துலேருந்து விழுற தண்ணியும் உப்பாத்தான் இருக்குமா?"

"இல்ல ஆத்தா. அள்ளிக் குடிக்கலாம்."

"அப்ப நம்ம ஏன் தண்ணி லாரிக்குக் காத்துக் கெடக்கோம்? அங்கன போயி பிடிச்சுட்டு வருவோம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. கூட்டம் அள்ளும் பெரிய அருவி வேண்டாம், மேற்கு மலையில் ஒரு மணி நேரம் காட்டுப் பாதையில் நடந்து போகும் சின்ன அருவி ஒன்று இருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய அக்கா குடும்பமும் வருவதாகச் சொன்னது. அக்கா, அவர் கணவர், பத்து வயது மகள். நாத்தனாரின் கணவரும் கடலுக்குப் போகிறவர்தான். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. படித்தவள் நான் ஒருத்திதான் என்று எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள்.

ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். தங்கும் விடுதி, வேன், காட்டுக்குள் போக அனுமதி, கூட வரும் வழிகாட்டியின் தொலைபேசி எண். மருந்துகளுக்கு மட்டும் ஒரு பக்கம். வாந்திக்கு, வயிற்றுப்போக்குக்கு, அட்டைக் கடிக்கு, தேள் கடித்தால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி. நான் பிறந்தது முதுகுளத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க் கரை ஊர். நீச்சல் தெரியாது. கணுக்கால் தண்ணீரில் மகள் நின்றாலே என் கை அவள் சட்டையைப் பிடித்திருக்கும். மருந்துப் பையைத் திறந்து பார்த்த நாத்தனார், "ஏம்மா, நீ மலைக்குப் போறியா, ஆசுபத்திரி தெறக்கப் போறியா?" என்றார்.

"புள்ளைக இருக்குல்ல மதினி."

"புள்ளைக இருக்கத்தான் செய்யும். இந்தப் பையத் தூக்குறதுக்குத்தான் ஒரு ஆளு வேணும்."

என் கணவர் ராமநாதபுரம் போய் வாழ்க்கையில் முதல்முறையாகக் கான்வாஸ் ஷூ வாங்கி வந்தார். படகுத் தளத்தில் வெறுங்காலோடு நிற்கிறவருக்கு அது ஒரு தண்டனை மாதிரி இருந்தது. பழக வேண்டுமே என்று வீட்டுக்குள் போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். மகள் பின்னாலேயே அதேபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள்.

எந்தத் தேதியில் போவது என்பதில்தான் சிக்கல் வந்தது. மே மாதமே போகலாம் என்றேன். வழிகாட்டியிடம் கேட்டதற்கு, "இப்ப வந்தீங்கன்னா பாறையைத்தான் பாத்துட்டுப் போகணும் மேடம். மழை இறங்கட்டும்" என்றார். மலையில் மழை இறங்குவது ஜூன் தொடக்கத்தில். ஜூன் நடுவில் படகுகள் கடலுக்குப் போய்விடும். நடுவில் இருப்பது சில நாட்கள்தான். அதில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பி மலையடிவாரத்தில் தங்கி, காலையில் நடக்க வேண்டும்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து என் கைபேசியில் மேற்கு மலைப் பக்கம் ஆரஞ்சு நிறம் காட்டியது. பலத்த மழை எச்சரிக்கை. புதன்கிழமை கணவரிடம் காட்டினேன். அவர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் மேற்கே பார்த்தார்.

"இங்கன பாரு. கச்சான் பிடிக்கவே இல்ல. ஒரு எலை அசையுதா?"

மேற்கிலிருந்து வரும் காற்றைத்தான் கச்சான் என்பார்கள். அது வலுத்தால் மலையில் மழை என்பது அவர்கள் கணக்கு. "போன் சொல்றதக் கேட்டு நாங்க கடலுக்குப் போகாம இருந்தா வருசத்துல பாதி நாளு வீட்லதான்" என்றார்.

அவர் காற்றைப் பார்த்துச் சொன்னது எத்தனையோ முறை சரியாக இருந்திருக்கிறது. அவர் உயிரே அந்தக் கணக்கில்தான் போய் வருகிறது. நான் எதை நம்பி எதிர்த்துப் பேசுவது? வழிகாட்டியை மறுபடி கூப்பிட்டேன். "ஒரு சொட்டு இன்னும் விழல மேடம். விழுந்தா நாங்களே மேல விட மாட்டோம்" என்றார். அவரும் அப்படிச் சொன்ன பிறகு, பயந்தாங்கொள்ளி என்ற பெயர் எனக்குத்தான் மிஞ்சும் என்று தோன்றியது. வியாழக்கிழமை முழுவதும் துணிகளை மடித்துப் பையில் வைப்பதும் வெளியே எடுப்பதுமாக இருந்தேன். ஆரஞ்சு நிறம் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. மகள் தெருவில் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவளைப் பிடித்து நிறுத்தினேன். நெற்றியைத் தொட்டேன். சூடாக இருந்தது. ஜூன் மாதத்தில் அந்த நேரத்தில் எங்கள் தெருவில் யார் நெற்றியைத் தொட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

"தலை வலிக்குதுன்னு சொல்லு" என்றேன்.

"வலிக்கலையே."

"வலிக்குதுன்னு சொல்லு. அப்பாட்டயும் அத்தைட்டயும். அம்மா சொல்றேன்ல?"

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள். நான் பாயை விரிக்கக்கூட இல்லை, அவளே விரித்துக்கொண்டாள். நாத்தனார் வந்து தொட்டுப் பார்த்து, "ஆமா, கதகதன்னுதான் இருக்கு" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் மருந்தை மூடியில் ஊற்றி மகள் வாயில் கொடுத்தேன். ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு மருந்து. அவள் முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

கணவர் ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "புள்ள கெடக்கும்போது நான் எங்க போறது. நீங்க போயிட்டு வாங்க" என்றார் அக்காவிடம். அக்காவும் போகவில்லை என்றுதான் முதலில் சொன்னார். அவர் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். வேனுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அப்போது நான் வாயைத் திறந்து, "மதினி, மழை எச்சரிக்கை இருக்கு, நீங்களும் போக வேணாம்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்துவிடுவார்களோ என்று பயந்தேன். "பார்த்துப் போயிட்டு வாங்க" என்றேன். மருந்துப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அந்த முறை அவர் கேலி செய்யாமல் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவர்கள் தொலைபேசி எடுக்கவில்லை. என் கணவர், "காட்டுக்குள்ள டவர் இருக்காது" என்று தூங்கிவிட்டார். நான் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேன், ஒரு மணிகூட உருட்டவில்லை. என்னவென்று வேண்டுவது? மூன்றரை மணிக்கு நாத்தனார் கூப்பிட்டார். "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றுதான் ஆரம்பித்தார். அதைக் கேட்டதும் கணவரை உலுக்கி எழுப்பினேன்.

ஊர் திரும்பிய பிறகு அவர் கணவர் நடந்ததைச் சொன்னார். அருவிக்குப் போகும் வழியில் ஓடையில் கல்மேல் கால் வைத்துக் கடந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடந்தது. காற்று இல்லை. பிள்ளை அருவியின் கீழே குட்டையில் நின்றாள். தெளிந்து கிடந்த தண்ணீர் மெல்லப் பழுப்பாக மாறியது. சருகும் குச்சியும் வந்தன.

"நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சந்தோசப்பட்டேன்" என்றார் அவர். "கலங்கல் தண்ணியிலதான இறாலு அள்ளும், நமக்கு அந்த ஞாபகந்தான வரும். ஆத்தா, இங்கன வந்து பாரு, தண்ணி கலங்குதுன்னு புள்ளய வேற கூப்புடுறேன். வழி காட்ட வந்த ஆளு விசிலடிச்சுக்கிட்டே ஓடிவந்து புள்ள கையப் பிடிச்சு இழுத்துப் பாறை மேல ஏத்துனான். ஏறித் திரும்புறேன், நாங்க நின்ன எடம் இல்ல."

மழை அவர்கள் கண்ணுக்கே தெரியாத உயரத்தில் பெய்திருக்கிறது. கடலில் அப்படி எங்கோ பெய்த மழை வந்து ஆளை அடிக்காது. அதனால் அவருக்குத் தெரியவில்லை. ஓடையைக் கடக்க முடியாமல் இரண்டு மணி நேரம் பாறையில் இருந்து, தண்ணீர் குறைந்ததும் கயிறு கட்டி அழைத்து வந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு. ஒரு செருப்பு போய்விட்டது. அவ்வளவுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவ்வளவுதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வேனிலிருந்து இறங்கியதும் நாத்தனார் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளைத் தூக்கி மடியில் வைத்து அழுதார். "நீ வந்திருந்தா எம்மக கூடத்தான் அந்தத் தண்ணிக்குள்ள நின்னிருப்ப. அவளாவது உசரம். அது மாதா அனுப்புன காய்ச்சலுத்தா." என் மகள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அங்கேயே நேர்ந்துகொண்டார். எங்கள் பக்கம் அது வழக்கம். பெரிய ஆபத்திலிருந்து தப்பிய ஆளின் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் மெழுகுவர்த்தி செய்து மாதா கெபியில், கல் குகை மாதிரி கட்டிய சின்னக் கோயிலில், ஏற்றுவார்கள்.

மறுநாள் வலை நூலோடு வந்தார். மகளைச் சுவரோரம் நிறுத்தி, குதிகாலில் நூலை மிதிக்கவைத்து உச்சந்தலை வரை இழுத்தார். மகள் முட்டியை மடக்கினாள். "நேரா நில்லுத்தா. என்ன, கெழவி மாதிரி கூனுற?" என்று நிமிர்த்திவிட்டார். அவர் நூலை எடுக்கும்போது மறுபடி மடக்கினாள். மெழுகுவர்த்தி சின்னதாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் என் பக்கத்தில் கண் கலங்கி நின்றார். அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கெபியில் ஏற்றினோம். வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் என் விரலை இழுத்தாள்.

"அம்மா, மாதாவுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா வாங்கிக்கிட்டாக?"

பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு கொடுத்தார், ஜெபம் சொல்லச் சொன்னார். வீட்டில் சொல்வதா என்று கேட்டதற்கு, உன் மனசாட்சியைக் கேள் என்றார். அதைத்தான் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் நாத்தனார் என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். எங்கே போவதானாலும் "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்காமல் விட்டதால் பாறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் அவர். மகளோ, கணவர் நீச்சல் பழக்கக் கூப்பிட்டால் காய்ச்சல் என்கிறாள். பள்ளியில் மேடையேறிப் பேச வேண்டிய அன்று காய்ச்சல் என்றாள். தொட்டால் குளிர்ந்திருக்கிறது. கணவர் ஒவ்வொரு முறையும் நம்பி, போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். போன வருடம் அந்தக் காய்ச்சல்தானே காப்பாற்றியது என்கிறார். அவள் என்னைப் பார்க்கிறாள். நான் மருந்துப் பாட்டிலை எடுக்கவும் முடியாமல், பொய் என்று சொல்லவும் முடியாமல் நிற்கிறேன்.

இப்போது மறுபடி தடைக்காலம். கணவர் இந்த முறை எல்லோரும் சேர்ந்து அதே அருவிக்குப் போவோம் என்று தொடங்கிவிட்டார். தண்ணீர் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, மழைக்கு முன்னாலேயே போய்விடுவோம் என்று நான் சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டார். சொல்வது இவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது. வழிகாட்டியிடம் பேசி, காலை எத்தனை மணிக்கு ஏறுவது, எப்போது இறங்கிவிடுவது, தண்ணீர் நிறம் மாறினால் எந்தப் பக்கம் ஏறுவது என்று எழுதி வைத்திருக்கிறேன். நேற்று மாலை எழுதிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டைப் பார்த்தாள்.

"அம்மா, இந்தத் தடவை எனக்கு என்னைக்குக் காய்ச்சல் வரும்?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தேதி தெரிந்தால் தயாராக இருக்கலாம் என்பதுபோலக் கேட்டாள்.

இதைப் படிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். பிள்ளையை வைத்துப் பொய் சொல்லி, பிறகு அதைத் திருத்தியவர்களும் இருக்கலாம். எனக்குச் சொல்லுங்கள். கணவரிடம் முதலில் சொல்வதா, நாத்தனாரிடமா? மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னால் அவளுக்குப் பாரம் இறங்குமா, அல்லது எல்லோர் முன்னாலும் அவளையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்கிவிடுவேனா? சொல்லாமலே இருந்து, இந்த முறை அவளை மலைக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டால் போதும் என்று உங்களில் யாராவது நினைத்தால், அதையும் ஏன் என்று எழுதுங்கள். வேன் பேச இன்னும் பத்து நாள் இருக்கிறது.