மைனஸ் அழிக்கப்பட்ட வானம்

நாட்றாம்பாளையம் திம்மப்பன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் மாரிசாமி. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. அப்பாவும் அம்மா செல்லியும் அடுத்தவர் காட்டில் கேழ்வரகு அறுத்துத்தான் அவனைப் படிக்க வைத்தார்கள். 1993இல் ஓசூரில், லேத் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. இரவு வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றைப் பள்ளிக்கூடங்களுக்காக அங்கே தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு வரி. கிழக்கு மேற்காக எங்கே, வடக்கு தெற்காக எத்தனை டிகிரி, வருஷத்துக்கு எவ்வளவு நகர்கிறது, எவ்வளவு பிரகாசம். வானத்தின் நடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தால் டிகிரிக்கு முன்னால் மைனஸ். பிரகாசத்தில் எண் குறையக் குறைய ஒளி கூடும். பளிச்சென்று எரிபவை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும். எட்டு மாதத்தில் மூவாயிரம் வரி அடித்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தான்.

மேனேஜர் சென்னப்பன் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. அதற்கு முன் கிரானைட் குவாரியில் லோடு சீட்டுப் பார்த்தவர். அந்தச் சீட்டில் மைனஸ் என்றால் கல் குறைகிறது, எவனோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். திங்கட்கிழமை நட்சத்திரப் பட்டியலைப் பார்த்தவர் கத்தினார்.

"இன்னாடா இது, பக்கத்துக்குப் பக்கம் மைனஸு? இருக்கற நட்சத்திரம் எப்பிடிடா மைனஸ் ஆவும்?"

"அது தெற்குன்னு அர்த்தம் சார். அழிச்சா எல்லாம் வடக்கால போயிடும்."

"எனக்கே பாடமா? ஒரு டிகிரி வாங்குனா கொம்பு மொளைச்சிடுமா?"

கம்ப்யூட்டரில் ஒரே கட்டளையைத் தட்டி அத்தனை மைனஸையும் அழித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

புதன்கிழமை காலை மென்பொருளை வாங்க பெங்களூரிலிருந்து கிருஷ்ணப்பன் வந்தார்; முன்னாள் சயின்ஸ் வாத்தியார். பிப்ரவரி மாத இரவு எட்டு மணி, ஓசூர் என்று போடச் சொன்னார். தெற்கே தாழ்வாகத் தெரிய வேண்டிய அகத்திய நட்சத்திரம் வடக்கே ஏறி நின்றது. ஊரே அண்ணாந்து பார்க்கும் சிரியஸ், கூட்டத்தோடு கூட்டமாக மங்கிக் கிடந்தது.

கிருஷ்ணப்பன் சிரித்துவிட்டார். "ஏன்ரீ இது, ஆகாசத்தையே திருப்பி வெச்சிருக்கீங்களே!"

"இவன் அடிச்சதுங்க," என்றார் சென்னப்பன், கண் இமைக்காமல். "கூலிக்காரன் வூட்டுப் பையன், பாவம்னு சேத்தேன்." ஒரு வெள்ளைத்தாளை மாரிசாமி முன்னால் தள்ளினார். "தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா நாளையிலேர்ந்து வராதே."

மாரிசாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலை போனால் போகட்டும். எட்டு மாத உழைப்பைக் குப்பையாக்கிவிட்டு, அந்தக் குப்பைக்கு என் அப்பனையும் இழுப்பானா?

பேனாவை எடுத்தான். 'திங்கட்கிழமை மேனேஜர் சென்னப்பன் எல்லா மைனஸையும் அழித்தார். வேண்டாம் என்று நான் சொன்னேன். தி. மாரிசாமி, பி.எஸ்ஸி.' தாளைக் கிருஷ்ணப்பன் கையில் கொடுத்தான்.

அவர் இரண்டு முறை படித்தார். "நிஜானா சென்னப்பா?"

சென்னப்பன் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். மாரிசாமி குறுக்கே போய்க் கதவை மறித்து நின்றான்.

"கேக்கறாரில்ல, பதில் சொல்லுய்யா."