கம்பெனி பேரில் ஒரு சத்தியம்

மாட்டுக் கயிற்றைச் சுமனும் பிடித்திருந்தான், ஜீவராணியும் பிடித்திருந்தாள். மாடு இருவரையும் பொருட்படுத்தாமல் அசைபோட்டது.

"விடுங்கக்கா. கடன கட்டிட்டு மாட்ட ஓட்டிக்கிட்டு வந்துருங்க."

"எந்தக் கடன தம்பி? நீங்க வாங்கிட்டுப் போனீங்களே, அதையா?"

சுமன் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். மாட்டை அதில் எப்படி ஏற்றுவது என்று கம்பெனி சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இந்த மாட்டை வாங்கத்தான் சில வருடங்களுக்கு முன் ஜீவராணி கடன் எடுத்தாள். தேயிலைக் கொழுந்து பறித்த சம்பளம் வீட்டுக்கு, பால் விற்ற காசு கடனுக்கு என்று பிரித்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நடந்த வாரக் கூட்டத்தில் கட்டிவந்தாள். வசூலிக்க வந்தவன் இதே சுமன். கடைசித் தவணையன்று அவள் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். அவன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கடன் முடிந்துவிட்டதால் கடன் புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கம்பெனியின் ஒழுங்கு அப்படி. பாக்கி வைத்தவர்களிடம் மட்டுமே அத்தாட்சி இருக்கும். பிறகு அந்தக் கம்பெனியை மூடினார்கள். பழைய கணக்குகளை இன்னொரு கம்பெனி வாங்கியது. அவற்றில் ஜீவராணியின் கடன் இன்னும் பாக்கியாகவே இருந்தது. கணக்குகளோடு சுமனையும் எடுத்துக்கொண்டது.

"நீங்க கட்டுனது எனக்குத் தெரியும்க்கா. ஆனா அது அந்தக் கம்பெனியில இருந்தப்ப தெரிஞ்சது. இப்ப நான் இந்தக் கம்பெனி."

"அப்ப பொங்கல் தின்ன வாயி எந்தக் கம்பெனி?"

அதே லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு வினோதா தன் வாசலில் நின்று சிரித்தாள். சுமன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

ஜீவராணி தன் பிடியை விட்டுவிட்டாள். "சரி, கொண்டு போங்க. அதுக்கு முன்னால மாரியம்மன் கோயிலுக்கு வாங்க. காசு வாங்கலன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க. மாட்ட நானே டவுன் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வாறேன்."

சுமன் கினிகத்தேனை டவுனில் இருந்த மேலாளருக்குப் போன் போட்டுச் சிங்களத்தில் விளக்கினான். எங்காவது கையெழுத்துப் போட வேண்டுமா என்று அவர் கேட்டார். இல்லை, கற்பூரம் மட்டும்தான் என்றான். செலவு இல்லையென்றால் அணைத்துவிட்டு வா என்றார்.

"கம்பெனி பேர்ல அணைக்கிறேன்," என்றான் சுமன்.

"கம்பெனிக்குப் புள்ள குட்டி இருக்கா? உங்க பேர்ல அணைங்க. வீட்டுல மாசமா இருக்காங்கன்னு சொன்னீங்களே."

சுமன் கயிற்றை விட்டான். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். ஆள் வீட்டில் இல்லை என்று போனில் பதிந்தான். அதற்கு ஒரு படமும் அனுப்ப வேண்டியிருந்தது. ஜீவராணியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, வெறும் வாசலைப் படம் எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் கம்பெனியிலிருந்து வேறொருவர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர். கற்பூரம் அணைக்க அவருக்குத் தயக்கம் இல்லை. அவர் ஜீவராணியிடம் ஒரு சதமும் வாங்கியதில்லை. வாங்கிய ஆள்தான் அணைக்க வேண்டும், அவரைக் கூட்டிவாருங்கள் என்று அவள் சொன்னாள். சுமன் லீவில் இருப்பதாக அவர் சொன்னார். அவள் கொழுந்து பறிக்கப் போனாள். அவர் தனியாக மாட்டை அவிழ்க்கத் துணியாமல் மத்தியானம் வரை தொழுவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மாலையில் ஜீவராணி மாட்டைக் கறந்தாள். புது ஆளைப் பார்த்து மிரண்டதிலோ என்னவோ, பால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு.