புண்ணின் மேல் பொன்னாடை

சண்டை நடந்த நாட்களில் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். என் வார்டில் எங்கள் மாவட்டத்து எழுமலைக்காரச் சிப்பாய் ஒருவன் தோளெல்லாம் வெந்து கிடந்தான். நான் கட்டுப் பிரித்து மருந்து போடும் நேரத்தில் எங்கள் ஊர்ப் பிரமுகர் ஒருவர் ஜரிகைப் பொன்னாடையோடு வந்தார்.

"அண்ணே, புண்ணு பச்சையா இருக்கு. போத்தாதீங்க."

"ஒரே ஒரு போட்டோதாம்மா."

போர்த்தினார். படம் சரியாக விழவில்லையாம். எடுத்து மறுபடியும் போர்த்தினார். சிப்பாய் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டான். ஒட்டிய ஜரிகையைச் சலைன் ஊற்றி உரித்தேன். தோலும் சேர்ந்து வந்தது. போர்த்திய அந்தக் கையைத் தட்டிவிடாமல் நின்றேனே என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

விடுப்பில் எங்கள் ஊர் விளாங்குடிக்கு வந்தால், பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ். பிரமுகர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சிப்பாயின் முகத்தை வெட்டிவிட்டு, பொன்னாடையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.