முப்பத்தொன்றாவது தட்டு

போன வாரம் என் தங்கை மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம். நாங்கள் ராஜபாளையம், மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்.

பெண் வீட்டார் ஆளுக்கொரு சீர்த்தட்டு ஏந்தி மண்டபத்துக்குள் போக வேண்டும். தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். வரிசைக்கு மூன்று பேர் — இது வீடியோக்காரர் கட்டளை. மிச்சம் விழுகிற ஆள் தனியாக நடக்கணும்.

அது யார்? வேறு யார், நான்தான்! எந்த வரிசையிலும் ஒட்டாத உயரம் எனக்கு. நாலு பேர் பார்த்தாலே கால் பின்னிக்கொள்ளும்...

யாரும் மிச்சம் விழாத எண்ணாகப் பார்க்கச் சொல்லி சுகன்யாவிடம் கெஞ்சினேன். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். எண்ணைத் தட்டினால் இரண்டு, மூன்று, ஐந்து என்று வகுத்துக்கொண்டே போய், அது எந்தெந்தப் பகா எண்களின் பெருக்கல் என்று காட்டும். உள்ளே இரண்டு இருந்தால் ‘ஆகாது’. மூன்று இல்லாவிட்டாலும் ‘ஆகாது’. நான் ஐந்தாம் வகுப்பில் சிலேட்டில் போட்ட அதே வகுத்தல்தான்!

27 போட்டோம். 3 × 3 × 3. ‘ஆகும்!’

எனக்குக் குஷி. தட்டே இல்லாவிட்டால் என்ன சொல்லும்? 0 போட்டேன். லேப்டாப் உறைந்துபோய் இரைய ஆரம்பித்தது.

“பெரியம்மா! சைபரை ரெண்டால வகுத்தா மறுபடியும் சைபர்தான். அது பாட்டுக்கு வகுத்துக்கிட்டே கெடக்கும்!”

கல்யாணத்தன்று இருபத்தேழு தட்டோடு மண்டப வாசலில் நின்றோம். எனக்கு ஐந்தாம் வரிசை, நடு இடம். நிம்மதி. அப்போது கூமாப்பட்டிச் சொந்தம் வேனில் வந்து இறங்கியது — நாலு தட்டோடு!

சுகன்யா மேக்கப்போடு செல்போனில் தட்டிப் பார்த்தாள்.

“பெரியம்மா, முப்பத்தொண்ணு எதுலயும் ஒடைய மாட்டேங்கு!”

“ஒண்ணைக் கொறைச்சா?” என்றேன்.

“ரெட்டைப்படை ஆயிரும்,” என்றாள் தங்கை.

“ரெண்டு கூட்டினா?”

“இனி தட்டுக்கு எங்க போக, அக்கா? பேசாம முன்னாடி நட.”

நடந்தேன். எனக்குப் பின்னால் பத்து வரிசை. முன்னால் கேமரா மட்டும்.

எல்லோருக்கும் முன்னால், நெடுநெடுவென்று, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் ஒருத்தி வந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளையின் மாமா ஓடி வந்து தட்டை வாங்கினார்.

“இவியதான் பொண்ணு வீட்டுக்குப் பெரியவுக போல! ஆச்சி, ரெண்டு வார்த்தை பேசுங்க!”

மைக் என் கையில்.

மண்டபமே என்னைப் பார்க்கிறது. கண்ணை இறுக மூடினேன். எப்படியோ ஒரே ஒரு வார்த்தை வந்தது.

“சாப்பிடுவோமா?”

கண்ணைத் திறந்தேன். என்னைப் பார்க்க ஒருவர்கூட இல்லை — அத்தனை பேரும் பந்தியில்!