நூற்றைம்பதில் நின்ற முள்

அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பதினெட்டு வருஷம் கொட்டை வறுக்கிற புகையில் நின்றவள் ரெஜிலா. இழுப்பு அவளுக்குப் புதிதல்ல. இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை இழுத்தால் அடங்கிவிடும், அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வந்த இழுப்பு இன்ஹேலருக்கு அடங்கவில்லை. காற்று உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. மூச்சின் வேகத்தை அளக்க டாக்டர் வாங்கச் சொன்ன ஊதுகிற மீட்டரை எடுத்து, எழுந்து நின்று, மூச்சை நிறைய இழுத்து, ஒரே வீச்சில் ஊதினாள். சுகமாக இருக்கும் நாட்களில் முந்நூற்றறுபது வரை போகும் முள், நூற்றைம்பதில் நின்றுவிட்டது.

"மீட்டர்... கெட்டு... போச்சு," என்றாள்.

மழை என்று ரப்பர் வெட்டப் போகாமல் வீட்டிலிருந்தான் புருஷன் ராஜையன். "கொண்டா, நான் ஊதிப் பாக்கேன்." ஊதினான். முள் ஐந்நூறைத் தாண்டி ஓடியது. சிரிக்க வாய் திறந்தவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏட்டி, மீட்டருக்கு ஒண்ணும் இல்ல."

அவள் மீட்டரைப் பிடுங்கினாள். இன்னும் இரண்டு தடவை ஊதினாள். நூற்று நாற்பது. நூற்று முப்பது. "பாதிக்குக் கீழே போனா வீட்டுல நிக்கப்பிடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராஜையன் இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்திக்கொண்டே, ஆட்டோ ஓட்டும் அபினுக்குப் போன் போட்டான்.

"படுக்காத, நிமிந்து இரி. நான் பிடிச்சிருக்கேன்."

ஆட்டோவில் அவள் எதையும் பார்க்கவில்லை. இந்த மூச்சை விட்டால் அடுத்தது வருமா? அது ஒன்றுதான் மனசில். கர்த்தரே என்று கூப்பிடக்கூடக் காற்று இல்லை. புருஷனின் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது உதடு நீலம் பாரித்திருந்தது. நர்ஸ் ஒன்றும் கேட்காமல் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்தாள்.

மூன்று நாள் கழித்து வீடு திரும்பினாள். டாக்டரின் கடிதத்தைப் பார்த்து அண்டி ஆபீஸ் மேனேஜர் முகம் சுளித்தார். இருந்தாலும் புகையில்லாத இடத்தில், முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றினார்.

இப்போது மூச்சு சீராகத்தான் ஓடுகிறது. பயம்தான் போகவில்லை. தினமும் காலையில் ஊதிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எவ்வளவு?" என்று ராஜையனிடம் கேட்கிறாள்.